ஆள்காட்டிக்குத் தொண்டை கட்டிய கோடை

ஒரு காட்டில் ஆறு வற்றிப்போய் ஒரே ஒரு மடு மட்டும் மிஞ்சியிருந்தது. சித்திரை பிறந்ததும் அந்த மடுவின் நடுவிலும் ஒரு மணல்திட்டு முதுகைக் காட்டிவிட்டது. காட்டிலிருந்த எல்லா வாய்களுக்கும் மிச்சமிருந்த அந்தத் தண்ணீர்தான்.

மடுவுக்கு மேற்கே பெரிய பாறை. அதில் ஒரு சிறுத்தை குடியிருந்தான். கிழக்கே மூங்கில் புதர். அதற்குள்ளிருந்து செந்நாய்கள் வரும். சிறுத்தை தனியாக வருவான், சருகு கூட அசையாது. செந்நாய்கள் கூட்டமாக வரும், சுற்றி வளைக்கும். எது வந்தாலும் குடிக்கப் போனவர்களில் ஒருவர் வீடு திரும்ப மாட்டார்.

முன்பெல்லாம் மடுவுக்கு வருகிறவர்கள் தாங்களே காற்றை முகர்ந்து பார்ப்பார்கள். யாருக்குச் சந்தேகம் வருகிறதோ அவர் குரல் கொடுப்பார். செம்பி என்ற கேளையாடும் அப்படிக் குரல் கொடுத்தவள்தான். கேளையாடு மான் இனம், பிள்ளைகளே. ஆனால் பயம் வந்தால் நாயைப் போலக் குரைக்கும். செம்பி ஒரு தடவை குரைத்தால் போதும், மடுக்கரையில் ஒரு குளம்பு மிஞ்சாது.

பிறகுதான் ஆள்காட்டிப் பறவை வந்தாள். நெட்டைக் கால், கண்ணோரம் சிவப்பு, காதைத் துளைக்கும் குரல். மணல்திட்டின் உச்சியில் நின்றுகொண்டாள்.

"செந்நாய்! செந்நாய்! கிழக்கே செந்நாய்!"

அவள் சொன்னால் அங்கே செந்நாய் இருந்தது. ஒருநாளும் பிசகியதில்லை.

"இனிமேல் நீ எதற்குத் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறாய், தங்கச்சி?" என்றான் காட்டுப்பன்றி, செம்பியைப் பார்த்து. "குரல் என்றால் அது குரல். உன்னுடையது ஆட்டுக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கிறது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செம்பிக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றோடு குரைப்பதை விட்டாள். குரைப்பதை விட்டபிறகு முகர்ந்து பார்ப்பதும் மெல்ல மெல்ல விட்டுப்போயிற்று.

சில நாட்களில் கிழக்குக் கரையின் நாவல்மரத்தில் ஒரு கருங்குரங்கு வந்து உட்கார்ந்தான்.

"சிறுத்தை! சிறுத்தை! பாறையில் சிறுத்தை!" என்று அவன் கத்தினான். அங்கேயும் சிறுத்தை இருந்தான். ஆனால் ஒரு மஞ்சள் இலை விழுந்தாலும் கருங்குரங்குக்குச் சிறுத்தையாகவே தெரியும். செந்நாய்களைப் பற்றி மட்டும் அவன் வாயே திறக்க மாட்டான். செந்நாய்களால் மரம் ஏற முடியாது, சிறுத்தையால் முடியும். போதாததற்கு, செந்நாய்க் கூட்டம் வந்தால் சிறுத்தையே பதுங்கிவிடுவான். பிறகு கருங்குரங்குக்கு அவற்றைப்போல நல்ல விருந்தாளிகள் ஏது?

ஆள்காட்டி சிறுத்தையைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். அவளுக்கும் ஒரு கதை இருந்தது.

ஆள்காட்டி தரையில் முட்டையிடுகிறவள். கீரியும் நரியும் காக்கையும் தின்று தின்று, இரண்டு வருடமாக அவள் ஒரு குஞ்சைக் கூடப் பார்க்கவில்லை. இந்தக் கோடையில் பாறைக்குக் கீழே, சரளைக் கற்களுக்கு நடுவில், நான்கு முட்டைகளை இட்டுவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றாள். பாறைமேலிருந்து சிறுத்தை எட்டிப் பார்த்தான்.

"பயப்படாதே. முட்டை எனக்குப் பல்லுக்கும் காணாது. நான் இங்கே படுத்திருக்கும்வரை கீரி வராது, நரி வராது."

"பெரிய உபகாரம், ஐயா. பதிலுக்கு நான் என்ன செய்ய வேண்டும்?"

"நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்ல மாட்டேன்" என்றான் சிறுத்தை. "நான் கீழே இறங்கும்போது மட்டும் உனக்குக் கொஞ்சம் தொண்டை கட்டிக்கொள்ளட்டும்."

அப்படித்தான் அந்தக் கோடையில் ஆள்காட்டிக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்கொண்டது.

காடு இரண்டாகப் பிரிந்தது. ஆள்காட்டியின் பேச்சைக் கேட்டவர்கள் செந்நாய்க்குப் பயந்து, மூங்கிலை விட்டு விலகி, மேற்குக் கரையில் பாறையடியில் குடித்தார்கள். கருங்குரங்கின் பேச்சைக் கேட்டவர்கள் சிறுத்தைக்குப் பயந்து, பாறையை விட்டு விலகி, கிழக்குக் கரையில் மூங்கிலடியில் குடித்தார்கள். இதில் என்ன ஆபத்து என்று உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். அவர்களுக்குப் புரியவில்லை.

மேற்குக் கரையில் காட்டுப்பன்றியின் தம்பி மகன் காணாமல் போனான்.

"பாறைப் பக்கம் இரத்தம் கிடந்ததே, அண்ணே" என்றாள் செம்பி.

"வழி தவறிப் போயிருப்பான். சிறுத்தை வந்திருந்தால் ஆள்காட்டி அக்கா சொல்லியிருக்க மாட்டாளா?"

கிழக்குக் கரையில் புள்ளிமானின் அண்ணனைக் காணவில்லை. "மேய்ச்சலுக்கு வேறு காட்டுக்குப் போயிருப்பான்" என்றான் புள்ளிமான். "செந்நாய் வந்திருந்தால் குரங்கண்ணன் சும்மாவா இருந்திருப்பார்?"

பொழுது சாயும் நேரத்தில் வாதம் நடக்கும். ஆள்காட்டி எதிர்க்கரையிலிருந்து யாரையாவது மணல்திட்டுக்கு அழைப்பாள். ஒருநாள் புள்ளிமான் போனான்.

"செந்நாய்கள் நல்லவையா, கெட்டவையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

"அதாவது, முதலில் சிறுத்தை..."

"நான் கேட்டது செந்நாயை!"

"அதைத்தான் சொல்ல வருகிறேன், எங்கள் கரையில்..."

"பாருங்கள், பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கிறார்! பொழுது போய்விட்டது, நீங்கள் போகலாம்."

மேற்குக் கரை குதித்து ஆரவாரம் செய்தது. மறுநாள் கருங்குரங்கு காட்டுப்பன்றியை நாவல்மரத்தடிக்கு அழைத்தான். பன்றி வாயைத் திறக்கும்போதெல்லாம் மேலேயிருந்து ஒரு கொட்டையை அவன் தலையில் போட்டான். கிழக்குக் கரை விழுந்து விழுந்து சிரித்தது. இப்படியே பொழுது போயிற்று. மடுவில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கரைக்கு வந்தவர்களும் குறைந்துகொண்டே வந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் செம்பி ஒரு குட்டி போட்டிருந்தாள். அதைக் காரைப் புதருக்குள் ஒளித்துவைத்திருந்தாள். ஒருநாள் புதர்ப் பக்கம் நரி வந்தபோது, செம்பி முன்னங்காலை மடக்கி நொண்டியபடி எதிர்த்திசையில் போனாள். நொண்டிமான் என்று நரி நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் போயிற்று. வெகுதூரம் இழுத்துப் போனபிறகு நான்கு காலில் ஒரே பாய்ச்சல். குட்டி இருக்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாகத்தான் தாய் கூத்துக் காட்டுவாள். குட்டி போட்டவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் கோடைக்கு எதிரே என்ன கூத்துக் காட்டுவது? புல் கருகியது. செம்பியின் பால் வற்றியது. குட்டியின் நாக்கு காய்ந்த இலை மாதிரி ஆயிற்று. முன்தினம் எழுந்து நின்ற குட்டி அன்று காலையில் எழவில்லை.

"எழுந்திரு. தண்ணீர் குடிக்கப் போகலாம்."

"தண்ணீர் எப்படி இருக்கும், அம்மா?"

"வானம் மாதிரி இருக்கும். வாயை வைத்தால் ஈரமாக இருக்கும்."

குட்டி எழுந்தது. நான்கு அடி நடந்து விழுந்து, மறுபடி எழுந்தது. இன்று குடிக்காவிட்டால் நாளைக்கு இதை எழுப்ப முடியாது என்று செம்பிக்குத் தெரிந்துபோயிற்று.

அவர்கள் மேற்குக் கரைக்கு வந்தபோது வெயில் தணிந்திருந்தது. காட்டுப்பன்றி தன் குட்டிகளோடு சேற்றில் நின்றிருந்தான். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடின.

"வா தங்கச்சி, வா. இவன்தான் உன் பிள்ளையா? எலும்பும் தோலுமாக இருக்கிறானே! குடிக்கச் சொல்லு. இன்றைக்கு ஒரு பயமும் இல்லை. அக்கா அமைதியாக இருக்கிறாள் பார்."

அப்போது எதிர்க்கரையிலிருந்து கருங்குரங்கு கிளையைக் குலுக்கினான். "சிறுத்தை! பாறையில் சிறுத்தை!"

"ஆரம்பித்துவிட்டான்" என்றான் பன்றி. "நேற்று விழுந்த பழுப்பு இலைக்கும் இதே பாட்டுத்தான்."

குட்டி தண்ணீரைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. செம்பி அதைத் தன் உடம்பால் மறித்தாள். எங்கிருந்தோ ஒரு வாடை வந்தது. வந்தது, போனது. மறுபடி வந்தது. வெகுநாளாக உபயோகிக்காத மூக்கு; அவளுக்கே அதில் நம்பிக்கை வரவில்லை.

"அண்ணே, ஏதோ வாடை அடிக்கவில்லை?"

"செத்த மீன்."

"மீன் வாடை எனக்குத் தெரியும், அண்ணே."

"அப்படியென்றால் உன் மூக்குக்கு வயசாகிவிட்டது. ஆள்காட்டி அக்காவின் கண்ணை விட உன் மூக்கு பெரிதா?"

"அம்மா, அதுதானே தண்ணீர்?" என்றது குட்டி. அதன் கால்கள் நடுங்கின. முன்னே போகலாமா, பின்னே போகலாமா? செம்பி ஒரு காலை எடுத்து வைத்தாள், மறுபடி பின்னுக்கு இழுத்தாள். பிறகு மணல்திட்டைப் பார்த்து நேராகவே கேட்டாள்.

"அக்கா, பாறையில் யாராவது இருக்கிறார்களா?"

ஆள்காட்டி இருமினாள். "எனக்கு இன்றைக்குத் தொண்டை சரியில்லை."

"ஆமென்றால் தலையை ஆட்டினால் போதும், அக்கா."

"நீ ஏன் செந்நாய்களைப் பற்றிக் கேட்பதில்லை?" தொண்டை சட்டென்று சரியாகிவிட்டது. "மூங்கில் பக்கம் போய் இந்தக் கேள்வியைக் கேட்பாயா? போன மாதம் அவை செய்த அநியாயத்தின்போது நீ எங்கே போயிருந்தாய்?"

"நான் பாறையைத்தான் கேட்டேன், அக்கா."

"எல்லோரும் கேளுங்கள்! இவள் பாறையையே கேட்கிறாள். இவளை யார் கேட்கச் சொன்னது?"

பன்றி செம்பியைச் சந்தேகத்தோடு பார்த்தான்.

செம்பி குட்டியோடு வாடை வந்த பக்கமாக, சரளைக் கற்களை நோக்கி, மெதுவாக நடந்தாள்.

அவ்வளவுதான். ஆள்காட்டி திட்டிலிருந்து சீறிக் கிளம்பினாள். கிழக்கே பறந்து, தண்ணீரோரம் தொப்பென்று விழுந்து, ஒரு இறக்கையை மணலில் இழுத்துக்கொண்டு கதறினாள்.

"செந்நாய்! ஐயோ, என் இறக்கை! கிழக்கே செந்நாய்!"

மேற்குக் கரை முழுவதும் கிழக்கே பார்த்தது. தண்ணீரை விட்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். பின்னால் இருந்தது பாறை. பன்றிக்குட்டிகள் சரளைக் கற்கள்வரை வந்துவிட்டன.

செம்பி மூங்கிலைப் பார்க்கவில்லை. இழுபடும் அந்த இறக்கையைத்தான் பார்த்தாள். அதை அவள் எங்கோ பார்த்திருந்தாள். நரிக்கு முன்னால் அவள் நொண்டிய நொண்டல் அது.

'அங்கே கூத்து நடக்கிறதென்றால், குட்டி இங்கே இருக்கிறது.'

குனிந்தாள். அவள் குளம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, கற்களோடு கற்களாக, நான்கு முட்டைகள் கிடந்தன. சுற்றிலும் கீரியின் தடம் இல்லை. நரியின் தடம் இல்லை. ஈரமணலில் ஒரே ஒரு தடம் இருந்தது, அவள் முகத்தளவு அகலமாக.

மெல்லத் தலையை உயர்த்தினாள். பாறைமேல் ஒரு வால்நுனி இப்படியும் அப்படியும் ஆடியது.

சிறுத்தையின் கண் செம்பியின்மேல் இல்லை. கொழுத்த பன்றிக்குட்டிகள்மேல் இருந்தது. குட்டியை நகர்த்திக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டால், அவளுக்கும் குட்டிக்கும் ஒன்றும் ஆகாது. குரைத்தால் அந்தக் கண் அவள் பக்கம் திரும்பும். குட்டியால் ஓட முடியாது.

செம்பி குட்டியை முகவாயால் தள்ளிக் கோரைக்குள் படுக்கவைத்தாள். பிறகு அதை விட்டு நேர் எதிர்ப்பக்கம் பாய்ந்துபோய், வெட்டவெளியில் நின்று, வாயைத் திறந்தாள்.

முதலில் காற்றுத்தான் வந்தது. இரண்டாவது தடவை ஒரு கரகரப்பு. மூன்றாவது தடவை குரைத்தாள்.

"பாறை! பாறைமேல் சிறுத்தை!"

"என்ன தங்கச்சி," என்றான் பன்றி, "நீயும் குரங்கு கட்சிக்குப் போய்விட்..."

குட்டிகளுக்குக் கட்சி தெரியாது. சத்தம் கேட்டதும் சிதறி ஓடின. அவை இருந்த இடத்தில்தான் சிறுத்தை வந்து இறங்கினான். வெறும் கற்கள். ஒன்றும் அகப்படவில்லை. நான்கு காலும் அழுந்தப் பதிந்தபோது அடியில் ஏதோ நொறுங்கியது.

செம்பியைப் பார்த்தான். அவள் இன்னும் தூரத்தில் நின்று, இன்னும் உரக்கக் குரைத்தாள். பதுங்கி வருகிறவனுக்கு ஊரே பார்த்தபிறகு வேலை இல்லை. வேட்டை போயிற்று. உள்ளங்காலில் ஒட்டியிருந்த கருவை ஒருதடவை நக்கிப் பார்த்தான்.

இறக்கை ஒடிந்த ஆள்காட்டி அம்பு மாதிரி பறந்து வந்தாள்.

"என் முட்டைகள்! ஐயா, நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களே!"

"கீரியும் நரியும் வராது என்றேன். வந்தனவா?" என்றான் சிறுத்தை. "கீழே பார்த்துக் குதிக்கிற வழக்கம் எனக்கு இல்லை."

அவன் பாறையேறிப் போய்விட்டான்.

ஆள்காட்டி மடுவைச் சுற்றிச் சுற்றிப் பறந்தாள். "சிறுத்தை! சிறுத்தை! பாறையில் சிறுத்தை!" தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் கோடையில் அவள் சொன்னதில் அதைவிட உண்மை எதுவும் இல்லை.

கிழக்குக் கரையில் புள்ளிமான் துள்ளினான். "பார்த்தீர்களா! ஆள்காட்டியே நம் பக்கம் வந்துவிட்டாள்!"

மேற்குக் கரையில் காட்டுப்பன்றி குட்டிகளை எண்ணி முடித்துவிட்டு, பெருமூச்சு விட்டுச் சொன்னான்: "பாவம், அக்கா. அவளை யாரோ மிரட்டியிருக்கிறார்கள்."

"நான் அப்போதே சொன்னேன்!" என்றான் கருங்குரங்கு, கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து. "நான் மட்டும்தான் சொன்னேன்!"

"சொன்னீர்கள், அண்ணே" என்றாள் செம்பி. "செந்நாயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

கருங்குரங்கு ஒரு நாவல்பழத்தைப் பறித்துத் துடைத்தான். "செந்நாயா? இவ்வளவு உயரத்திலிருந்து அதெல்லாம் எனக்குத் தெரியாது, அம்மா."

மூங்கில் புதர் அசைந்தது. காற்று இல்லை.

செம்பி எதிர்க்கரையைப் பார்த்துக் குரைத்தாள். "மூங்கில்! மூங்கிலில் செந்நாய்! ஓடுங்கள்!"

"நீ அந்தக் கரைக்காரி. எங்களுக்கு எதற்குக் குரைக்கிறாய்?" என்றான் புள்ளிமான்.

அவன் கூட்டத்தில் சிலர் ஓடினார்கள். மற்றவர்கள் நின்ற இடத்தில் நின்று, கருங்குரங்கு என்ன சொல்லப்போகிறான் என்று மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். கருங்குரங்கு பழம் தின்றுகொண்டிருந்தான்.

ஓடியவர்கள் பிழைத்தார்கள்.

மடுக்கரை வெறிச்சோடிய பிறகு செம்பி கோரையை விலக்கினாள். குட்டி தள்ளாடி வந்து தண்ணீரில் மூக்கை வைத்தது, தும்மியது, பிறகு குடித்தது.

"வானம் மாதிரியே இருக்கிறது, அம்மா."

"குடி. பேசாமல் குடி."

செம்பி குனியவில்லை. ஒரு காதை மணல்திட்டுப் பக்கமும் ஒரு காதை நாவல்மரத்துப் பக்கமும் திருப்பி வைத்துக்கொண்டு, மூக்கைக் காற்றில் நீட்டி நின்றாள். குட்டி வயிறு நிறைந்து விலகியபிறகுதான் அவள் ஒரு வாய் குடித்தாள். அதையும் தலையை மூன்று தடவை தூக்கிப் பார்த்துத்தான் குடித்தாள்.

நீதி: செய்தி சொல்பவர் உரக்கச் சொல்வதைக் காதால் கேள், சொல்லாமல் விடுவதை உன் மூக்கால் முகர்ந்து அறி.